ஈரான் பயணத்துக்குப் பணத்தையும் இணையத்தையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்த அனுபவம்

ஈரானில் வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் செல்லாது. அங்குள்ள ஏடிஎம்களும் கடைகளில் இருக்கும் அட்டைக் கருவிகளும் ‘ஷெதாப்’ என்னும் உள்நாட்டு வலையமைப்பில் இயங்குகின்றன. பொருளாதாரத் தடைகளின் காரணமாக, அவசரத்துக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்வதும் எளிதில் நடக்காது. ஆகவே, முழுப் பயணத்துக்கும் வேண்டிய தொகையைக் கணக்கிட்டு, அதற்கு மேல் தாராளமாக ஒரு பங்கு சேர்த்து, யூரோவாகவும் டாலராகவும் கையில் எடுத்துக்கொண்டேன். கிழிசலோ கிறுக்கலோ உள்ள தாள்களை மாற்றுவோர் தயங்குவார்கள் என்பதால் வங்கியில் புதிய தாள்களாகவே கேட்டு வாங்கி, வெவ்வேறு இடங்களில் பிரித்து வைத்தேன்.

தெஹ்ரானில் ஃபெர்தௌசி சதுக்கத்தை ஒட்டிப் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வங்கிகள் தரும் அதிகாரபூர்வ விலைக்கும் இக்கடைகளின் விலைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. தெருவில் அணுகுபவர்களைத் தவிர்த்துவிட்டு உரிமம் பெற்ற கடையில், விலை நாள்தோறும் மாறுவதால் சிறிது சிறிதாக மாற்றுவதே நல்லது. தாளில் அச்சிட்டிருப்பது ரியால், மக்கள் விலை சொல்வதோ தொமானில். பத்து ரியால் ஒரு தொமான். அதிலும் ஆயிரத்தை விட்டுவிட்டு ‘ஐம்பது’ என்று சொன்னால் ஐம்பதாயிரம் தொமான், அதாவது 5,00,000 ரியால். புறப்படும் முன்பே பாரசீக எண்களைப் படிக்கப் பழகியிருந்தது, விலைச்சீட்டு, பேருந்து நேரம் என்று எல்லாவற்றுக்கும் உதவியது. முன்பணம் பெற்றுக்கொண்டு வெளிநாட்டவருக்கு உள்நாட்டு அட்டை தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. கட்டுக்கட்டாக ரியாலைச் சுமக்க விரும்பாதவர்களுக்கு அது மிகவும் பயன்படும்.

இணையத்தைப் பொறுத்தவரை எனக்கிருந்த பெரிய கவலை ஒருமுறைக் கடவுச்சொல்தான். குறுஞ்செய்தி வந்தால்தான் திறக்கும் கணக்குகளை, இணைப்பில்லாமலே எண் உருவாக்கும் அங்கீகாரச் செயலிக்கு முன்பே மாற்றிவிட்டேன். ஈரானிய இணைய முகவரியிலிருந்து நுழைந்தால் சில வங்கிகள் கணக்கையே முடக்கிவிடுகின்றன. எனவே பயணக் காலத்தில் செலுத்த வேண்டியவற்றை முன்கூட்டியே செலுத்திவிட்டு, அங்கே வங்கிச் செயலியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். யூடியூப், பேஸ்புக், டெலிகிராம், இன்ஸ்டாகிராம் ஆகியவை அங்கே தடுக்கப்பட்டுள்ளன. பலர் விபிஎன் (வேறு நாட்டு இணைப்பு வழியாகத் தடையைத் தாண்ட உதவும் செயலி) வழியாகத்தான் அவற்றைப் பார்க்கிறார்கள்; ஆனால் உரிமம் இல்லாத விபிஎன்னுக்குத் தடை உண்டு, இயங்கிக்கொண்டிருப்பது திடீரென்று நின்றுபோவதும் உண்டு. அதை நம்பித் திட்டமிடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. வரைபடங்கள், பாரசீக மொழிபெயர்ப்புத் தொகுப்பு, நுழைவிசைவு, ஈரானிலும் செல்லுபடியாகும் என்று வெளிப்படையாக எழுதப்பட்ட காப்பீடு, விடுதி முகவரிகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் இறக்கி, தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொண்டேன்.

2019 நவம்பரில் நடந்ததுபோல் நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்படலாம் என்பதால், வீட்டாரிடம் நாள்வாரியான பயணத் திட்டத்தையும் விடுதிகளின் தரைவழித் தொலைபேசி எண்களையும் கொடுத்து, என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் எத்தனை நாள் பொறுத்து யாரை அழைப்பது என்பதையும் பேசி முடித்தேன். அவர்களின் மன நிம்மதிக்கு இது மிகவும் அவசியமான ஏற்பாடு. ரியாலை வெளிநாட்டில் மாற்றுவது அரிது. வியாழன் பிற்பகலும் வெள்ளியும் கடைகள் பல மூடியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, எஞ்சியதைப் புதன்கிழமையே யூரோவாக மாற்றிவிட்டு விமானம் ஏறினேன்.