கல்லூரியைத் தேதிகள் தேர்ந்தெடுக்க விடக் கூடாது

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வெளியானதும் எங்கள் பக்கத்து ஊர்களில் பேச்செல்லாம் மதிப்பெண், கட்-ஆஃப், கல்லூரியின் பெயர் என்றே போகிறது. கடந்த ஆண்டு என் அக்கா மகளின் சேர்க்கைக்காகக் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்தபோது, பெரும்பாலான வீடுகளில் முடிவை எடுப்பது காலண்டர்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எந்த வாசல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, அந்த வாரத்தில் கையில் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பிள்ளைகளின் படிப்பு அமைந்துவிடுகிறது.

எங்கள் காவிரி டெல்டாவில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறியதுமே, கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனுக்கும் அடகு வைத்த நகைக்கும் அது போய்விடுகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். குறுவைக்கு உழவு, விதைநெல், நடவுக்கூலி என்று செலவு தொடங்கும் அதே நாட்களில்தான் கல்லூரிகள் முதல் தவணையைக் கேட்கின்றன. குறுவை நெல் விற்றுக் காசாக வேண்டுமானால் புரட்டாசி, ஐப்பசி வரை பொறுத்திருக்க வேண்டும். கை வறண்டிருக்கும் அந்த நேரத்தில் 'இப்போதைக்கு ஐயாயிரம் கட்டினால் சீட் உறுதி' என்று ஒருவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், பெற்றோருக்கு அது பெரிய ஆறுதலாகவே தோன்றுகிறது.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, நம் வீட்டருகே இருக்கும் நல்ல இடங்களின் வாசல் நாம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மூடிவிடுவதுதான். தஞ்சாவூரில் இன்று நிஃப்டெம் என்று அழைக்கப்படும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், திருவாரூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிப் பின்னர் தஞ்சைக்கு இடம் மாறியது. மழையில் நனைந்த நெல்லை என்ன செய்வது என்பது எங்கள் விவசாயிகளின் பரம்பரைக் கவலை; ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கிவிடும் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அங்கே உள்ள பி.டெக். படிப்பு எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! ஆனால் அதற்கு ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு என்ற அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். அதன் முதல் கட்ட விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டு ஐப்பசி, கார்த்திகையிலேயே முடிந்துவிடுகிறது. 2009-ல் தொடங்கப்பட்ட திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் கதையும் இதுதான். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அங்கே நல்ல ஒருங்கிணைந்த படிப்புகள் இருக்கின்றன, சேர்வதற்கு சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அந்த விண்ணப்பமோ மாணவர்கள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நாட்களில் வந்து போய்விடுகிறது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நீலக்குடி வழியாகப் பேருந்தில் போகும் பிள்ளைகள் பலர் அந்தக் கட்டடங்களைப் பார்த்திருக்கிறார்கள். தாமும் உள்ளே போய்ப் படிக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் உரிய நேரத்தில் சொல்வதில்லை.

தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அக்கா வீட்டுக்கும் ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வந்தார். வண்ணத்தில் அச்சிட்ட கையேட்டை விரித்து, பேருந்து வசதி, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் மற்றதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் நீட்டிய ரசீதை வாங்கிப் பார்த்தேன். தொகை எழுத ஓர் இடம், பெயர் எழுத ஓர் இடம், அவ்வளவுதான். எந்தப் பாடப்பிரிவு என்று எழுத அதில் கோடுகூட இல்லை. "மாப்பிள்ளை, சீட் போயிட்டா அப்புறம் என்ன பண்றது?" என்று அத்தான் கேட்டார். அவர் பயம் நியாயமானது. "போகட்டும் அத்தான், டி.சி.யை மட்டும் குடுத்துடாதீங்க" என்றேன்.

இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சேர்க்கையின்போது சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியலையோ டி.சி. போன்ற பள்ளி விடுப்புச் சான்றிதழையோ கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால், ஒரு சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. இந்த விதியைக் கல்லூரி அலுவலகத்தில் அமைதியாக எடுத்துச் சொன்னாலே பேச்சின் தொனி மாறுவதை நான் பார்த்தேன். கலை அறிவியல் கல்லூரிகளின் கலந்தாய்வு முன்னதாகவும் பொறியியல் கலந்தாய்வு சில வாரங்கள் கழித்தும் நடப்பதால், முதலில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருப்பதில் தவறொன்றும் இல்லை. அசல் நம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அக்கா மகளுக்கு முதலில் கிடைத்தது கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். பிறகு பொறியியல் கலந்தாய்வில், அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021-ல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீட்டில், திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது என்பதால், பணம் ஒரு தடையாக இல்லை. உறவினர்கள் எல்லோரும் பொறியியலைச் சொன்னார்கள். அவளோ இரண்டு கல்லூரிகளையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாள்.

கும்பகோணத்தில் அவள் செய்த காரியம் என்னை வியக்க வைத்தது. மூன்றாமாண்டு மாணவி ஒருவரை நிறுத்தி, அவருடைய ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு சோதனைக்கும் தேதி இருக்கிறதா, பியூரெட் என்ற அளவுக் குழாயில் எடுத்த அளவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றனவா என்று பக்கத்திலிருந்த இன்னொரு மாணவியின் நோட்டோடு வைத்துப் பார்த்தாள். "எல்லாரும் தனித்தனியாத்தான் செஞ்சிருக்காங்க மாமா, ஒரே கணக்க காப்பியடிக்கல" என்றாள். அந்தப் பொறியியல் கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றபோது, சேர்ந்தபின் காட்டுகிறோம் என்றார்கள். அவள் வேதியியலிலேயே நின்றுவிட்டாள். கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் போய்வருகிறாள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. பொறியியலை விட்டது சரியா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து அவளே எடுத்த முடிவு என்பதால் எனக்கு அதில் முழு நிறைவு.

இந்த விண்ணப்பத் தேதிகளை அரசுப் பள்ளிகள் பிளஸ் டூ வகுப்பு தொடங்கும்போதே கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும். பெற்றோர் கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவளுடைய தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு ஜே.இ.இ., சி.யூ.இ.டி. இரண்டுக்கும் விண்ணப்பிக்க இருக்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இருக்கும் இனிஷியல் ஆதாரில் முன்னால் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன் ஆதாரில் அதைத் திருத்த வரும் திங்கட்கிழமை அத்தானும் அவனும் இ-சேவை மையத்துக்குப் போகிறார்கள்.