678,000 ரூபா மதிப்பீடும் ஒரு சைலன்சர் காஸ்கெற்றும்

2024 கார்த்திகை இறுதியில் வடக்கு முழுவதும் வெள்ளம் வந்தபோது, விசுவமடுவில் எங்கள் வீட்டுக்குச் செல்லும் கிரவல் வீதி இரண்டு இடங்களில் அரித்துப் போனது. குளம் வான் பாய்ந்த நாட்களில் அந்த வீதியால் காரை மெதுவாக இறக்கி ஏற்றித்தான் பாடசாலைக்குச் சென்று வந்தேன். ஒரு நாள் அடியில் கல்லொன்று பலமாக அடித்த சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன், எண்ணெய் ஒழுகவில்லை, எதுவும் தொங்கவில்லை. ஆகவே அதை மறந்துவிட்டேன். மார்கழி நடுப்பகுதியில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கியபோதும் அந்தக் கல் என் நினைவுக்கு வரவில்லை.

கார் 2012 ஆம் ஆண்டு உற்பத்தி. 1500 சிசி, ஜப்பானியத் தயாரிப்பு. மாதம் ஒரு முறை அப்பாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் இருதய கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது அதில்தான். விடியமுன் புறப்பட்டு, பரந்தன் சந்தியில் ஏ-9 வீதிக்கு ஏறி, ஆனையிறவைக் கடந்து போகும் அந்தப் பயணத்தில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயமே, உள்ளூரில் எவரிடமும் காட்டாமல் நேரே முகவர் நிறுவனத்திடம் போகலாம் என்று என்னை முடிவெடுக்க வைத்தது. பாடசாலை விடுமுறையும் தொடங்கியிருந்தது. தங்கை கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறாள். முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கொழும்பிலிருந்த சேவை நிலையத்தில் காரை ஒப்படைத்தேன்.

அங்கே ஸ்கேன் கருவியைப் பொருத்தி எடுத்தது பத்து நிமிடம்கூட இருக்காது. பி 0420 என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோட், வந்திருப்பதாகவும், அதற்குப் பொருள் புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் பாகமான கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரின் வினைத்திறன் குறைந்துவிட்டது என்பதே என்றும் சேவை ஆலோசகர் மரியாதையாகவே விளக்கினார். பின்னர் மதிப்பீட்டைத் தந்தார். கொன்வேர்ட்டர் 512,000 ரூபா, முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஒக்சிசன் சென்சர்கள் 148,000 ரூபா, கூலி 18,000 ரூபா. மொத்தம் 678,000 ரூபா. ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் இது எத்தனை மாதம் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இப்படியே ஓடினால் எஞ்சினும் பழுதாகலாம் என்றார். வேறு கார் வாங்கும் எண்ணமே எழ இடமில்லை. 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது தனியார் கார்களுக்கு இன்னும் திறக்கப்படவில்லை. 2025 மாசியில்தான் திறந்தார்கள். பழைய கார்களின் விலையும் அவற்றின் உதிரிப்பாகங்களின் விலையும் அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கே போயின என்பதை எல்லோரும் அறிவார்கள்.

காரை உயர்த்தி அடியில் பார்த்தீர்களா என்று கேட்டேன். கோட் தெளிவாக இருப்பதால் அது தேவைப்படவில்லை என்று பதில் வந்தது. சென்சர்கள் என்ன அளவு காட்டின என்று கேட்டபோது, நிறுவன நடைமுறையின்படி இந்தக் கோட்டுக்கு இந்தப் பாகங்களை மாற்றுவதே வழமை என்றார். பதில் என் மனதுக்கு ஒப்பவில்லை. ஸ்கேன் கட்டணமாக 7,500 ரூபாவைச் செலுத்தி, மதிப்பீட்டை எழுத்தில் தரும்படியும், கோட் விழுந்த கணத்தில் காரின் கணினி பதிந்து வைத்திருந்த வேகம், வெப்பநிலை, எரிபொருள் திருத்தம் (கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம்) முதலிய விபரங்களை அச்செடுத்துத் தரும்படியும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறினேன். அன்று நான் செய்தவற்றுள் மிகப் பயன்பட்டது அந்தத் தாளைக் கேட்டு வாங்கியதுதான்.

கிளிநொச்சியில் எனக்கு அறிமுகமான கராஜ்காரர் ஒருவர் இருக்கிறார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது, தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் எஞ்சின்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். இயந்திரம் ஏன் அப்படி நடக்கிறது என்று அறியாமல் எதையும் கழற்ற மாட்டார். தாளை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது பின்சென்சர் சொன்ன முறைப்பாடு. அது சொல்லுறது சரியோ எண்டு முதல் பாப்பம்" என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். கொன்வேர்ட்டருக்கு முன்னால் வரும் புகையில் ஒக்சிசன் அளவு விரைவாக ஏறி இறங்கும். நல்ல கொன்வேர்ட்டர் ஒக்சிசனைத் தன்னுள் தேக்கி வைத்து வெளியிடுவதால், அதற்குப் பின்னால் உள்ள சென்சர் பெரும்பாலும் அசையாத ஓர் அளவையே காட்டும். பின்சென்சரும் ஏறி இறங்கத் தொடங்கினால், கொன்வேர்ட்டர் களைத்துவிட்டது என்று கணினி முடிவு செய்து கோட்டைப் போடும். ஆனால் இரண்டுக்கும் இடையில் உள்ள மூட்டில் ஒழுக்கு இருந்தாலும் இதே தோற்றம் வரும். புகை குழாயில் ஒரே சீராகப் போவதில்லை. துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் ஏற்படும் அழுத்தக் குறைவு, ஒழுக்கு உள்ள இடத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றிலுள்ள ஒக்சிசனைத்தான் பின்சென்சர் பார்க்கிறது. கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மனிதர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் அவர் எரிபொருள் திருத்தத்தைக் காட்டினார். அது நூற்றுக்கு இரண்டு அளவிலேயே இருந்தது. பெற்றோல் செலவும் கூடியிருக்கவில்லை, இழுவையும் குறைந்திருக்கவில்லை. முன்சென்சர் பழுதாகியிருந்தாலோ, கொன்வேர்ட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ இவற்றுள் ஏதாவதொன்று மாறியிருக்க வேண்டும். அப்படியானால் மதிப்பீட்டில் முன்சென்சர் எதற்காக வந்தது என்பதற்கு என்னிடம் இன்றுவரை விடை இல்லை. அடுத்து எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு பின்சென்சரின் மின்னழுத்தத்தைத் திரையில் ஓடவிட்டார். மிதமான ஓட்டத்தில் அது 0.1 வோல்ற்றுக்கும் 0.8 வோல்ற்றுக்கும் இடையில் அலைந்தது. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து வைத்தபோது 0.7 அளவில் அசையாமல் நின்றது. கொன்வேர்ட்டர் செத்திருந்தால் அங்கேயும் அலைந்திருக்கும் என்றும், புகையின் ஓட்டம் கூடும்போது வெளிக்காற்றின் பங்கு குறைந்துபோவதாலேயே அது அடங்குகிறது என்றும் சொன்னார்.

காலையில் குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு, சில நிமிடங்களில் மறைவதாக நான் அப்போதுதான் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; ஒழுக்குக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லையாம். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் நின்றுவிடுகிறது.

காரை ஆறவிட்டு, சைலன்சர் வாலில் தூசு உறிஞ்சியின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி, குழாயின் மூட்டுகளில் சவர்க்கார நீரைத் தெளித்தார். கொன்வேர்ட்டருக்கும் பின்சென்சருக்கும் நடுவில் உள்ள பிளேஞ்ச் மூட்டில் நுரை பொங்கியது. அதைச் சுற்றி மெல்லிய கரிக்கோடும் இருந்தது. ஸ்பிரிங் போல்ற் ஒன்று முறிந்திருந்தது. குழாயைத் தாங்கும் இரும்புக் கொளுவி வளைந்திருந்தது. கார்த்திகையில் அடித்த கல் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கொழும்பில் காரை உயர்த்தியிருந்தால், கரிக்கோட்டை அவர்களும் கண்டிருப்பார்கள்.

அந்த மூட்டின் இடையில் ஒழுகாமல் வைக்கும் காஸ்கெற் கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் பிடித்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பச் செய்தார். மறுநாள் வேலை முடிந்தது. காஸ்கெற் 3,200, போல்ற்றும் ஸ்பிரிங்குகளும் 1,800, கொளுவியை நிமிர்த்தி ஒட்டியதற்கு 2,500, ஸ்கேனுக்கு 1,500, கூலி 5,000. எல்லாமாக 14,000 ரூபா.

இடையில் இன்னொருவர் வேறு யோசனை சொன்னார். கொன்வேர்ட்டரின் உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெற்றுக்கூட்டைப் பூட்டலாம், எடுத்ததற்கு நல்ல விலையும் தருவார்கள் என்றார். அதில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால் அவர் சொன்னது உண்மைதான். நான் மறுத்துவிட்டேன். காபனோரொக்சைட்டையும் எரியாத பெற்றோல் ஆவியையும் மாற்றுவதற்காக வைத்த பாகத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகள் நடந்துவரும் வீதியால் தினமும் அந்தக் காரை ஓட்டிப் பாடசாலைக்குப் போக என்னால் முடியாது. ஆண்டுதோறும் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

கணினியிலிருந்து அந்தக் கோட்டை அழித்ததும் விளக்கு அணைந்துவிடும். அதை வைத்துப் பழுது தீர்ந்தது என்று கொள்ளக்கூடாது. கணினி கொன்வேர்ட்டரை மீண்டும் தானே சோதித்து முடிக்கும்வரை பல விதமான வேகங்களில் ஓட வேண்டும். தை மாதக் கிளினிக்குக்கு அப்பாவுடன் போய் வந்த பின்னர் கராஜில் பொருத்திப் பார்த்தோம். சோதனை முடிந்திருந்தது, கோட் விழவில்லை. புகைப் பரிசோதனையிலும் கார் தேறியது. அச்செடுத்த தாளையும் திருத்திய பற்றுச்சீட்டையும் இணைத்து அந்தச் சேவை நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். நடைமுறையைப் பின்பற்றியதாக ஒரு வரியில் பதில் வந்தது.

சில மாதங்களின் பின் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரின் காரிலும் இதே கோட் விழுந்தது. என் கதையைக் கேட்டிருந்த அவர், காஸ்கெற்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு வந்தார். சவர்க்கார நீர் எங்கும் நுரைக்கவில்லை. பின்சென்சர் 2,500 சுற்றிலும் அலைந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் எண்ணெய் குறைவதை அவர் நீண்ட நாட்களாகப் பொருட்படுத்தவில்லை. எரிந்த எண்ணெயின் படிவு கொன்வேர்ட்டரை உண்மையாகவே கெடுத்திருந்தது. "சேர், இப்ப புதுசு போட்டாலும் அதையும் இந்த எண்ணெய் திண்டுடும். முதல் எஞ்சினைப் பாப்பம்" என்று கராஜ் அண்ணை அவரிடம் சொன்னார். ரிங்குகளையும் வால்வு சீல்களையும் மாற்றியாயிற்று. கொன்வேர்ட்டருக்கான பணத்தை அவர் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.