ஐந்து உள்ளங்கை

மயில்கழுத்து நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை. வெள்ளை விரிப்பின் மேல் பிரித்துப் போட்டு முந்தியைக் காட்டிக்கொண்டிருந்தேன். என் புறங்கையிலிருந்து மூன்று நான்கு செதில்கள் ஜரிகைக்குப் பக்கத்தில் உதிர்ந்தன. அடர் நிறம், அதனால் பளிச்சென்று தெரிந்தது. பெண்ணின் அம்மா என் கையைப் பார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாக, "இது வேணாம்டி, வேற ஆளை எடுத்துப் போடச் சொல்லு" என்றார். அந்தப் பெண்ணின் விரல் இன்னும் புடவைக் கரையில்தான் இருந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது.

மதுரையில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் 14 வருடம் நின்றவன் நான். அந்த மாதமே முதலாளி கூப்பிட்டு, "தம்பி, கொஞ்ச நாள் குடோன் ஸ்டாக்கைப் பாத்துக்கங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் விற்பனைக்குக் கிடைத்த கமிஷன் அன்றோடு நின்றுபோனது.

எனக்கு இருப்பது சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். தோலின் அடியில் உருவாகும் செல் மேலே வந்து உதிர, சாதாரணமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு சக்தியே தவறாகத் தூண்டிவிட்டுத் தோலை வேகமாக வளரவைக்கிறது. ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டாலும் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஒருவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பின் பரப்பில் சுமார் 1 சதவீதம். அந்தக் கணக்கில் எனக்கு இருந்தது ஐந்து உள்ளங்கைதான். தலை, புறங்கை, முழங்கை, இடுப்பில் அரைஞாண் கயிறு உரசும் இடம். (தோல் உரசும் இடத்தில் புதிதாகப் படை வருவது இந்த நோயின் குணம். கயிற்றை அறுத்த அன்று அம்மா அழுதார்.) பார்த்த டாக்டர்கள் எல்லாம் "கொஞ்சம்தானே, களிம்பு போடுங்க" என்றார்கள். ஒரு இடத்தில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் தோல் பளபளவென்று ஆனது. சரியாகிவிட்டது என்று நானாக நிறுத்தினேன். முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. அதை அப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா, தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் ஒரு தாளை எடுத்தார். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 1994-இல் பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து டாக்டர்கள் உருவாக்கியதாம். போன ஒரு வாரத்தில் அரிப்பு எவ்வளவு, கூச்சம் எவ்வளவு, கடைக்குப் போக முடிந்ததா, உடுத்தும் துணியைத் தோல் முடிவு செய்ததா, வேலைக்கு இடைஞ்சலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். துணி என்றதும் நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். அடர் நிறச் சட்டை போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒன்பதாவது கேள்வியை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தாம்பத்தியம் பற்றிய கேள்வி அது. நான் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.

பத்தாவது, வைத்தியத்தால் வீட்டில் ஏற்படும் சிரமம். பக்கத்தில் இருந்த என் மனைவி அதற்குப் பதில் சொன்னாள். வெட்பாலைத் தைலத்தின் ஊதாக் கறை படிந்த தலையணை உறைகள். பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் தினமும் படுக்கையைத் தட்டி, செதிலைக் கூட்டி அள்ளுவது. இத்தனை வருடம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கூட்டினால் 19. பத்துக்கு மேல் போனாலே வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கிறது என்று அர்த்தம். "பரப்பு கம்மிதான் அண்ணே, ஆனா உங்களுக்குக் களிம்பு மட்டும் பத்தாது" என்றார் டாக்டரம்மா. இப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, நோய் எதிர்ப்பு சக்தியின் வேகத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்ததால், ஞாயிற்றுக்கிழமைகளை என் மகள் காலண்டரில் சிவப்பாக வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இதே நோயோடு இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டரிடம் படையை மட்டும் காட்டாதீர்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, எந்த வேலையை விட்டீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து சொறிகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எனக்கு மருந்து மாறியதே அந்தப் பதில்களால்தான்.

போன முறை மதிப்பெண் 7. இன்னும் குடோனில்தான் இருக்கிறேன். பட்டுப் பிரிவைக் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார் முதலாளி.

சென்ற மாதம் திண்டுக்கல்லில் சித்தி பேத்திக்குக் காதுகுத்து. ராத்திரி அங்கேயே தங்கினேன். எவ்வளவோ வருடமாக யார் வீட்டிலும் நான் படுத்ததில்லை. துண்டு எதுவும் விரிக்காமல், சித்தி கொடுத்த கருநீலத் தலையணையிலேயே தூங்கினேன். காலையில் எழுந்ததும் பழக்கத்தில் அதைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு செதில். கையால் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.