ஆடி மாதமும் கொலுசுப் பட்டறையும்

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் எனக்கு, கல்யாணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கடைக்காரர்களின் ஆர்டர் குறைந்துபோவது புதிதல்ல. முன்பெல்லாம் சலங்கை கோக்கும் அக்காமார்களுக்குச் சனிக்கிழமைக் கூலி கொடுக்க என் வளையலை அடகு வைத்திருக்கிறேன். இப்போது வைகாசி முகூர்த்தங்களில் வரும் பணத்தில் ஒரு பங்கை அன்றன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். வீட்டுச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை.

தொழில் செய்யும் தோழிகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மந்தமான மாதங்களில் நம் கழுத்தை நெரிப்பது ஆர்டர் குறைவைவிட, வெளியே நிற்கும் பாக்கிதான். மத்திய அரசின் தொழில் பதிவுத் தளமான உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அப்படிப் பதிந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் சேர்த்துத் தரவேண்டும். இதைப் பணிவாக எடுத்துச் சொன்ன பிறகு, ஒரு கடைக்காரர் நான்கு மாதப் பாக்கியை இரண்டே தவணையில் தீர்த்தார்.

இந்த ஆடியில் குழந்தைகளுக்கான மெல்லிய கொலுசில் மூன்று புது மாதிரிகள் செய்திருக்கிறோம். ஆவணி பிறந்ததும் சேலத்தின் வெள்ளிக் கடைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துச் செல்கிறேன்.