திருப்பி அனுப்ப இருந்த 1901ஆம் ஆண்டுப் பத்திரம்

பழைய எண்ணெய்க் கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, நான் முதலில் வாங்கியதே போலி. 1882இல் உருவான ஸ்டாண்டர்ட் ஆயில் டிரஸ்டின் பத்திரம். கீழே அதன் தலைவர் ராக்பெல்லரின் கையெழுத்து. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்த அன்று நெஞ்சு திக்கென்றது. கையெழுத்து முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். பேனாவால் போட்டதென்றால் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும், மை காகித நாரில் ஊறியிருக்கும். இது அச்சடித்த நகல். விற்றவரிடம் கேட்டேன், பதிலே வரவில்லை.

அதன்பிறகு நகத்தை நம்பத் தொடங்கினேன். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி போன்ற பெரிய அச்சகங்கள் எஃகுத் தகட்டில் படத்தைச் செதுக்கி அச்சிட்டன. அவற்றில் மை காகிதத்தின்மேல் இம்மியளவு மேடாக நிற்கும். நகத்தால் மெல்லத் தடவினாலே சொரசொரப்புத் தெரியும்.

அந்தச் சோதனையே அடுத்த முறை என்னை ஏமாற்றப் பார்த்தது. டெக்சாஸில் பியூமண்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப்பில் 1901 ஜனவரி 10 அன்று எண்ணெய் பீறிட்டது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் பீப்பாய். அடக்கி மூட ஒன்பது நாள் ஆயிற்று. அந்த வெறியில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் முளைத்தன. அப்படி ஒன்றின் பத்திரம், அதே ஆண்டுத் தேதியோடு, எனக்குத் தபாலில் வந்தது. நகத்தை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது. இதுவும் போலிதான் என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்ப உறையில் முகவரியும் எழுதிவிட்டேன்.

உள்ளே வைக்கும்போதுதான் ஓரத்தில் ஒட்டியிருந்த வரிவில்லை, அதாவது வரி கட்டியதற்கான ஸ்டாம்ப், கண்ணில் பட்டது. போர்க்கப்பல் படம் போட்ட வில்லை; ஸ்பெயினோடு நடந்த போருக்காக 1898இல் விதித்த வரிக்கானது. மறுபடி பயன்படாதபடி அந்த வில்லையை ரத்து செய்ய யாரோ பேனாவால் எழுதிய தேதி, வில்லையைத் தாண்டிக் காகிதத்திலும் இறங்கியிருந்தது. லென்ஸில் ஒரே கோடு, எங்கும் முறியவில்லை. பத்திரத்தைத் திருப்பினேன். முன்பக்கக் கையெழுத்தின் மை பழுப்பாகப் பின்பக்கம் ஊறியிருந்தது. இடது விளிம்பு நெளிநெளியாக இருந்தது, கம்பெனிப் புத்தகத்தில் தங்கிவிடும் அடிக்கட்டையிலிருந்து வெட்டியெடுத்த தடம்.

அப்படியானால் அச்சு ஏன் வழவழப்பு? விசாரித்தபோது விஷயம் எளிது. அவசரத்தில் பிறந்த சிறு கம்பெனிகள் தகடு செதுக்கிக்கொண்டிருக்கவில்லை. கழுகோ எண்ணெய்க் கோபுரமோ போட்டுக் கல்லச்சில் தயாராக விற்ற படிவங்களை வாங்கி, அதில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டன. கல்லச்சு என்பது தட்டையான கல் பரப்பிலிருந்து அச்சிடும் முறை, அதில் மேடு இருக்காது. நகச் சோதனை தகட்டச்சுக்கு மட்டும்தான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போது அது பாலியெஸ்டர் உறையில் இருக்கிறது. பிவிசி உறை வேண்டவே வேண்டாம், காலப்போக்கில் காகிதத்தைக் கெடுத்துவிடும். லேமினேஷனோ அதைவிட மோசம்.

பத்திரத்தில் ரத்துத் துளை, அதாவது இனிச் செல்லாது என்று காட்டக் குத்தும் துளை, ஒன்றுகூட இல்லை. பின்பக்கத்தில், பங்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கான கோடுகள் இன்னும் நிரப்பப்படாமலே இருக்கின்றன.