அறிகுறியாகவே விட வேண்டிய சார்ட்டுகள்

நோயாளியின் சார்ட்டில் டாக்டர் எழுதியதைப் படித்து, இன்சூரன்ஸ் கிளெய்முக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடை (code), போடுகிறவர்தான் மெடிக்கல் கோடர். எலும்பு முறிவு சார்ட் என்றால் கோடருக்கு நிம்மதி. எக்ஸ்ரே ரிப்போர்ட் இருக்கும், இடதா வலதா என்று எழுதியிருக்கும், கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மனநல சார்ட்டில் அந்த வசதி கிடையாது. டாக்டர் எழுதிய வரிகள் மட்டும்தான் கையில் இருக்கும். அதிலும் "மூட் ஸ்விங்ஸ்", "திடீரென்று அழுகிறார், திடீரென்று எரிந்து விழுகிறார்" என்று வந்தால், புதிதாகச் சேர்ந்தவர்களின் கை நேராக பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) கோடுக்குப் போகிறது.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளைப் படிப்பது என் வேலை. கோடராகத் தொடங்கி, இப்போது மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டராக இருக்கிறேன். என் டீமுக்கு வரும் பிள்ளைகள் பார்மசி, நர்சிங், பயோடெக் படித்துவிட்டு வருகிறார்கள். நல்ல அறிவு. அந்த அறிவே சில நேரம் அவர்களை டாக்டர் எழுதாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

ஒரு ஓ.பி. சார்ட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூட்டுவாதத்துக்காக பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் ஒரு பெண்மணி. சில வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை, அடுத்த நிமிடம் வீட்டில் எல்லோர் மேலும் கோபம். டாக்டர் கடைசியில் "பைபோலாராக இருக்குமோ, பார்க்க வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார். கோடர் எஃப் 31.9 போட்டிருந்தார். அதாவது, வகை குறிப்பிடாத பைபோலார் நோய்.

எரர் என்று மார்க் செய்தேன். அந்தக் கோடர் தம்பி விடவில்லை. ரிபட்டல், அதாவது மறுப்பு, அனுப்பினார்: "தூக்கமின்மை, எரிச்சல், மனநிலை மாற்றம் மூன்றும் இருக்கின்றன, டாக்டரே பைபோலார் என்று எழுதியிருக்கிறார், அப்புறம் எப்படித் தப்பாகும்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஐ.சி.டி.-10-சி.எம். என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் வழிகாட்டுதல் ஓ.பி. சார்ட்டுகளுக்குத் தெளிவாகச் சொல்கிறது: "இருக்கலாம்", "சந்தேகம்", "இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்" என்று எழுதப்பட்ட நோயை உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது. அந்த விசிட்டில் உறுதியாகத் தெரிந்தது எதுவோ, அது அறிகுறியாகவே இருந்தாலும், அதைத்தான் கோடு செய்ய வேண்டும். இங்கே அது ஆர் 45.86, உணர்ச்சி நிலையற்ற தன்மை. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன நோயாளிக்கு விதியே வேறு. டிஸ்சார்ஜ் நேரத்திலும் "அநேகமாக பைபோலார்" என்று இருந்தால் நோய் இருப்பதாகவே கோடு செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

விதியைக் காட்டி ரிபட்டலை மூடிவிடலாம். எனக்கு அது போதவில்லை, அந்தத் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினேன். நாம் போடும் கோடு கிளெய்மோடு போய் முடிவதில்லை. அது நோயாளியின் வரலாற்றில் ஏறிவிடுகிறது. அடுத்து எமர்ஜென்சியில் பார்க்கும் டாக்டர் அதைப் படிப்பார். மன அழுத்த நோய்க்கு (டிப்ரஷன்) மருந்து கொடுக்க வேண்டியவர், பைபோலார் என்று பார்த்ததும் தயங்குவார், மருந்து மேனியாவை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாக நிலையை, தூண்டிவிடுமோ என்று. அமெரிக்க விமானத் துறை விதிகளில் பைபோலார் நோய், விமானியின் மருத்துவச் சான்றிதழுக்கே தடையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒன்று. இன்று அங்கே நோயாளிகள் தங்கள் குறிப்புகளைப் போனிலேயே திறந்து பார்க்கிறார்கள். டாக்டர் நேரில் சொல்லாத ஒரு நோயின் பெயரை அந்தப் பெண்மணி அங்கே பார்த்தால் என்ன நினைப்பார்?

இன்னொரு விஷயமும் அதே சார்ட்டில் இருந்தது. பிரெட்னிசோன் அளவைக் கூட்டிய பிறகுதான் இதெல்லாம் தொடங்கியதாக நர்ஸ் எழுதியிருந்தார். ஸ்டீராய்டு மனநிலையைக் குலைக்கும் என்று பார்மசி படித்த எவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தொடர்பை நாமே போட முடியாது, டாக்டர்தான் எழுத வேண்டும். அதனால் டாக்டருக்குக் கொயரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, போனது. கொயரியில் "இது ஸ்டீராய்டு விளைவுதானே?" என்று கேட்கக் கூடாது. அஹிமா, ஏ.சி.டி.ஐ.எஸ். என்ற இரண்டு அமெரிக்கத் துறை அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்டு, 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், டாக்டரை ஒரு பதிலை நோக்கித் தள்ளக் கூடாது, பணம் பற்றிய பேச்சே வரக் கூடாது என்கிறது. சார்ட்டில் இருந்த வரிகளை அப்படியே எடுத்து வைத்து, இந்த அறிகுறிகளுக்கான காரணம் தெரிந்தால் பதிவு செய்யும்படி கேட்டோம். பதில் வந்தது: பிரெட்னிசோனின் பக்க விளைவாக ஏற்பட்ட உணர்ச்சி நிலையற்ற தன்மை. ஆர் 45.86 முதலில், பக்க விளைவுக்கான டி (T) 38.0எக்ஸ்5ஏ அடுத்து. பைபோலார் என்ற பேச்சே இல்லை.

பக்கவாத சார்ட்டுகளிலும் இதே தொல்லை. உள்ளே சோகம் இல்லாமலேயே அழுகை பொங்கி வரும், சிரிப்பு அடங்காது. சூடோபல்பார் அஃபெக்ட் என்ற தனி நிலை அது. அதற்கு எஃப் 48.2 இருக்கிறது, அடிப்படை நோயின் கோடை முதலில் போட்டுவிட்டு. டாக்டர் "அடிக்கடி அழுகிறார்" என்று மட்டும் எழுதினால் நம்மால் அங்கே போகவே முடியாது. அழும்போது மனதில் துக்கம் இருந்ததா என்று ஒரே ஒரு வரி இருந்தால், அடுத்து படிக்கும் டாக்டருக்காவது வழி தெரியும். பிரசவத்துக்குப் பிறகு சில நாள் வந்துபோகும் மனச்சோர்வுக்கு ஓ 90.6, பிரசவத்துக்குப் பின்னான மன அழுத்த நோய்க்கு எஃப் 53.0. இதிலும் எத்தனை நாளாக என்பதைத்தான் டாக்டர்கள் எழுத விட்டுவிடுகிறார்கள்.

மனநிலைப் பரிசோதனைப் பகுதியையும் கவனிக்க வேண்டும். "அஃபெக்ட்: லேபைல்" (வெளியே தெரியும் உணர்ச்சி நிலையாக இல்லை) என்று அங்கே இருப்பது டாக்டர் அன்று கண்ணால் பார்த்தது. பல நேரம் போன விசிட்டிலிருந்து காப்பி ஆகி வந்திருக்கும். மேலே அழுகிறார் என்றும் கீழே இயல்பாக இருக்கிறார் என்றும் ஒரே நாள் குறிப்பில் இருந்தால், கோடு போடுவதற்கு முன் கேட்பதுதான் முறை.

டார்கெட் இருக்கிறது, 95 சதவீதத் துல்லியம் கேட்கிறார்கள், கொயரி போட்டால் சார்ட் பெண்டிங்கில் நிற்கும். எல்லாம் எனக்குத் தெரியும். அறிகுறிக் கோடு போட்டால் கிளெய்ம் திரும்பி வருமோ என்ற பயமும் உண்மையானது, சில நேரம் திரும்பித்தான் வருகிறது. அதற்குப் பரிகாரம் டாக்டரின் குறிப்பை முழுமையாக்குவது. எங்கள் ஆடிட் ஷீட்டில், நோயாளிக்கு இல்லாத நோயைச் சேர்ப்பதற்கும், கோடில் ஒரு இலக்கம் தவறுவதற்கும் ஒரே மதிப்பெண்தான் குறைகிறது. முதலாவதைத் தனிப் பிரிவாக, கூடுதல் எடையோடு வைக்கக் கேட்டிருக்கிறேன். அடுத்த காலாண்டு மீட்டிங்கில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மனநல சார்ட்டில் எஃப் 31 பார்த்தால், டாக்டர் எழுதிய வரியை என் கண்ணால் தேடிப் பார்க்காமல் பாஸ் செய்வதில்லை.