போன வாரம் கேட்ட மருந்து

"போன வாரம் கேட்ட மருந்து இந்த வாரம் ஏன் கேக்கலை, தம்பி?" ஐசியு வாசலில் என் தமிழைக் கேட்டதும் ஆர்.கே.புரம் மாமி கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மாமா.

டெல்லியில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாமாவின் சிறுநீரில் வளர்ந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. பரிசோதனைத் தட்டில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் மருந்து தோய்ந்த வில்லையின் விளிம்பு வரை படர்ந்திருந்தது. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் தெரியும். அன்று வட்டமே இல்லை.

ஒரு கிளெப்சியெல்லாவில் 5,000-க்கு மேல் மரபணுக்கள். அந்த இனம் முழுக்கப் பொதுவானவை சுமார் 2,000 தான். மீதி ஒன்றுக்கொன்று மாறும். மருந்து நுழையும் துளைப் புரதம் ஒரு பிறழ்வில் கெட்டாலும் கிருமி தப்பிவிடும். ஆனால் என்னை அதிகம் பயமுறுத்துவது பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம். மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமந்துகொண்டு இனம் தாண்டியும் கைமாறும்.

2008-ல், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரின் கிளெப்சியெல்லாவில் ஸ்வீடனில் என்டிஎம்-1 கண்டுபிடிக்கப்பட்டது. மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதி அது. பெயரில் உள்ள 'என்டி' நியூ டெல்லியைக் குறிப்பதால் இங்கே பெரிய கோபம். எனக்கு அதைவிட முக்கியம், அதே நோயாளியின் ஈ.கோலை என்ற வேறு பாக்டீரியாவிலும் அந்த நொதியை உருவாக்கும் மரபணு இருந்தது. 2011-ல் வெளியான ஆய்வில் டெல்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-ல், தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-ல் கிடைத்தது.

"பக்கத்துக் கிருமிகிட்டேர்ந்து வாங்கியிருக்கும், மாமி. வேற மருந்து பார்க்கிறாங்க."

"அப்போ நான் அவரைத் தொடலாமா?"

"தொடலாம். முன்னாடியும் பின்னாடியும் கை கழுவணும்."

விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று காட்டிக்கொடுத்தேன். மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, மாமி மறுபடி முதலிலிருந்து கழுவினார்.